புள்ளி எந்தப் பக்கம்

மூன்றாவது ரோலிலும் புள்ளி.
குளியலறைக் கொடியில் கிளிப்பு மாட்டித் தொங்குகிறது,
அடியில் கனத்துக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு.
நல்லம்பள்ளியில் வெயில் ஏறிவிட்டது.
டோல்கேட்டில் நைட் ஷிப்டு முடித்து வந்து
தூங்காமல் இதைக் கழுவியவன் நான்.

முதல் ரோலில் வந்தவை தெளிந்த வட்டங்கள்.
குமிழி நின்ற இடத்தில் டெவலப்பர் படவில்லை.
பிரிண்டில் கறுப்பாக விழும்,
லாரிக்காரர் கன்னத்தில் போய் மருவாகும்.
ஊற்றியதும் டப்பாவைத் தரையில் தட்டியிருக்க வேண்டும்.
தட்டவில்லை,
கீழ்வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தை.
அப்புறம் உள்ளங்கையில் தட்டப் பழகினேன்.

இரண்டாவதில் கறுப்பு மணல்.
தூள் கரையவில்லை, என் அவசரம்.
காடாத் துணியில் இருமுறை வடித்து
ஒரு ராத்திரி ஆற வைத்தேன்.

இது வேறு.
நேரே பார்த்தால் ஒளிந்துகொள்கிறது,
சாய்த்துப் பிடித்தால் வருகிறது.
நடுவில் ஒன்றுமில்லை, ஓரத்தில் மட்டும் வெள்ளைக் கோடு,
சொம்பில் நேற்றைய தண்ணீர் வற்றிய தடம் மாதிரி.
பளபளப்பான பக்கம்தான் இருக்கிறது.
மூச்சு விட்டுத் துடைத்தேன்.
நகர்ந்தது. போகவில்லை.

எழுநூறு அடி போர்.
இந்தத் தண்ணியில் பருப்பு வேகாது,
சோப்பு நுரைக்காது,
ஹீட்டர் கம்பி ஆறு மாதத்தில் சுண்ணாம்புக் கட்டை.
இத்தனையும் தெரிந்தவன்
டெவலப்பரைச் சந்தேகப்பட்டேன், பிலிம் கம்பெனியைச் சந்தேகப்பட்டேன்,
ஒரு வாரம்
மின்விசிறித் தூசியைக்கூட.

பேட்டரிக் கடையில் அஞ்சு லிட்டர் கேன் வாங்கினேன்.
"இன்வெர்ட்டருக்கா?"
"போட்டோவுக்கு."
ஏதோ கேட்க வாயெடுத்தவர்
சில்லறை தேடப் போய்விட்டார்.

அதே ரோலை மறுபடி நனைத்தேன்.
பத்து நிமிஷம் பேட்டரி தண்ணியில்,
கடைசி முக்கலில் ஒரு ரூபாய் ஷாம்பூ
ஊசிமுனை அளவு.
துடைக்கவில்லை, தொடவில்லை.
கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன்,
உள்ளே பிள்ளை பிறக்கப்போகிற மாதிரி.

சுத்தம்.
டார்ப்பாய் கட்டிய லாரிகள், சோடியம் விளக்கு,
தொப்பூர் இறக்கத்தில் பிரேக் புகைந்து நின்ற ஒரு டேங்கர்,
தடுப்புக் கட்டைக்கு அடியில் நாய்.
ஒன்றிலும் புள்ளி இல்லை.

பத்தொன்பதில் இருந்தது.

அஞ்சாம் பூத் சாலம்மா.
சிரித்தால் ரசீதால் வாயை மூடிக்கொள்வாள்,
ரசீது கிடைக்காவிட்டால் துப்பட்டா.
அன்றைக்கு மிஷினில் காகிதம் சிக்கி
இரண்டு கையும் உள்ளே.
கிளீனர் பையன் என்னமோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை.
சிரித்துவிட்டாள்.

நெகட்டிவில் பல் கறுப்பு.
கறுப்பில் வெளிறிய திட்டுகள்,
ஒன்றிரண்டு குறுக்குக் கோடு.
பழக்கத்தில் சாய்த்துப் பார்த்தேன்.
பளபளப்புப் பக்கம் இல்லை.
மங்கல் பக்கத்தின் மேலும் இல்லை.
மூச்சுகூட விட்டேன்.
பிறகுதான்
கையை எடுத்தேன்.

இண்டூர்ப் பக்கம் அவள் ஊர்.
பள்ளிக்கூடத்துக்கு எதிரே கைப்பம்பு,
மணி அடித்ததும் ஓடிப்போய் வாய் வைத்துக் குடித்ததாய்
ஒருநாள் வண்டி குறைந்த மூன்று மணிக்குச் சொன்னாள்.
பால்பல் விழுந்து புதுப்பல்லுக்குக் காத்திருந்த வயசு.

நான் கழுவிய பிலிமுக்கு
நூற்றிருபது ரூபாயில் நல்ல தண்ணீர் கிடைத்தது.

ஆறு ஆறாய் வெட்டி உறையில் போட்டேன்.
நோட்டில் எழுதினேன்:
ரோல் மூன்று. போர்த்தண்ணி. கடைசிக் கழுவல் பேட்டரி தண்ணி. புள்ளி இல்லை.
எழுதிவிட்டு 'புள்ளி இல்லை'யை அடித்தேன்.
அடித்தது தப்பாகத் தோன்றியது,
அது அப்படியே கிடக்கிறது.

எட்டு மணிக்கு அவள் அஞ்சு, நான் ஆறு.
நடுவில் ஒரு வண்டி அகலம்.
சன்னலைத் தள்ளிக் கேட்பாள்,
"வந்திருச்சா படம்?
வாயை மூடியிருக்கேன்ல?"